முத்தின் விலையும் விரலின் விலையும்

இங்கிலாந்திலிருந்து உலகத்துக்குப் போன சரக்கு எது என்று கேட்டால், மான்செஸ்டர் மில் துணி என்று பலர் சொல்வார்கள். அந்த மில்கள் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பா முழுவதும் ஆசைப்பட்டு வாங்கிய ஆங்கிலச் சரக்கு ஒன்று இருந்தது. அதற்கு இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. ஓர் ஊசி, பட்டு நூல், ஜரிகை, கூர்மையான கண்கள், மலை போன்ற பொறுமை – இவை போதும்.

அந்தப் பூத்தையலுக்கு லத்தீனில் 'ஓபஸ் ஆங்கிலிக்கானம்' என்று பெயர். 'ஆங்கில வேலை' என்று பொருள். 1295-ல் போப்பாண்டவரின் பொக்கிஷங்களுக்கு ஒரு ஜாபிதா எடுத்தார்கள். அதில் நூறு தடவைக்கு மேல் இந்த 'ஆங்கில வேலை' வருகிறது!

மாத்யூ பாரிஸ் என்ற துறவி ஒரு சுவையான செய்தி எழுதி வைத்திருக்கிறார். 1246-ல் நாலாம் இன்னசென்ட் போப்பாண்டவர், ஆங்கிலேய குருமார்களின் அங்கிகளில் மின்னிய பொன் வேலையைக் கண்டு சொக்கிப் போனாராம். எங்கே செய்தது என்று விசாரித்தார். உடனே இங்கிலாந்தின் மடாதிபதிகளுக்குக் கடிதம் பறந்தது, அத்தகைய வேலைப்பாடுகளை அனுப்பி வைக்கும்படி. லண்டன் வியாபாரிகளுக்கு இதில் வருத்தமே இல்லை. வைத்தது விலையாக விற்றார்கள்.

அப்படி என்ன விசேஷம்? வெள்ளியை மெல்லிய தகடாக்கி, பொன் முலாம் பூசி, பட்டு நூல்மேல் சுற்றிய ஜரிகை அது. துணியில் குத்தி இழுத்தால் அது பிய்ந்து போகும். ஆகவே ஜரிகையைத் துணியின்மேல் கிடத்துவார்கள். அடியிலிருந்து ஒரு நூல் மேலே வந்து, ஜரிகையைத் தாண்டி, வந்த துளை வழியே திரும்பும். வெடுக்கென்று இழுத்தால், ஜரிகையில் கடுகளவு மட்டும் துணிக்குப் பின்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். முன்பக்கம் பார்த்தால் பொன் மட்டுமே தெரியும். தாங்கிப் பிடிக்கும் நூல் கண்ணில் படாது. ஒவ்வொரு துளையும் ஒரு கீல் மாதிரி. எவ்வளவு பொன் ஏறினாலும் அங்கி விறைத்துப் போகாமல் குழைந்து விழும்.

முகங்களுக்கு வேறு தையல். முன் தைத்த பட்டு இழையையே பிளந்துகொண்டு அடுத்த தையல் கிளம்பும். கன்னத்தில் அதைச் சுழல் சுழலாகத் தைப்பார்கள். ஒரே நிறப் பட்டுத்தான். ஆனால் வெளிச்சம் படும்போது கன்னம் உருண்டு திரண்டு தோன்றும்.

இதைச் செய்தவர்கள் யார்? வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயப் பீடத்தின் முன்புறத்துக்காகச் செய்த ஓர் அலங்காரத் திரைக்கு, 1271-ம் ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. நான்கு பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டுகள் தைத்தார்கள். நால்வருக்கும் சேர்த்துக் கூலி 36 பவுன். அதில் பதித்த முத்துக்களுக்கு மட்டும் 70 பவுன்! அந்த நால்வரின் பெயரை அந்தக் கணக்கு சொல்லவில்லை.

எல்லாரும் அப்படி மறைந்து போகவில்லை. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல், மூன்றாம் ஹென்றி மன்னருக்காகப் பல ஆண்டுகள் தைத்தவள். 1256-ல் அந்த ஊருக்கு வந்த மன்னர், அவளுடைய நெடுநாள் ஊழியத்தை எண்ணி, துணியும் முயல் ரோமம் வைத்த உடுப்பும் அளிக்கச் சொன்னார். பொன்னிலேயே பழகிய விரல்களுக்கு, குளிருக்கு இதமாக ஓர் உடை!

1348-ல் கொள்ளைநோய் வந்தது. தேர்ந்த கைகள் பல போயின. பிறகு, உருவங்களைத் தனியே தைத்து வெல்வெட்டில் ஒட்டவைக்கும் சுருக்குவழி பரவியது. 16-ம் நூற்றாண்டில் மத மாற்றம் வந்தபோது நேர்ந்தது இன்னும் கொடுமை. எத்தனையோ அங்கிகளைப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஆசைப்பட்டு எரித்தார்கள்.

சயான் மடத்துக் கன்னியர் மட்டும் ஓர் அங்கியைக் காப்பாற்றினார்கள். நாடு விட்டு நாடு அலைந்து, 1594-ல் லிஸ்பன் நகரில் தங்கினார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தாயகம் திரும்பியது. 1864 முதல் லண்டனில், இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் எனப்படும் காட்சிசாலையில் இருக்கிறது.

எரித்தவர்களுக்கு ஒரு பிடி பொன் கிடைத்திருக்கும். அந்தப் பொன்னை முந்நூறு வருஷம் துணியோடு பிடித்து நிறுத்திய நூல் முதல் தீயிலேயே போயிருக்கும். அதற்கு விலை போட யாருக்கும் தோன்றவில்லை.