சலங்கு

சலங்கு என்பது சோழமண்டலக் கரையில், துறைமுக வசதி இல்லாத ஊர்களில், கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் கொண்டு செல்லப் பயன்பட்ட ஒரு வகைத் தைத்த படகு ஆகும். இதன் பலகைகள் ஆணிகளால் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றினால் தைக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சுக்காரர் இதனைச் "செலேங்கு" என்றும், சென்னையிலிருந்த ஆங்கிலேயர் "மசூலா" என்றும் அழைத்தனர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த காலத்தின் பெரும்பகுதியில், அந்நகருக்குக் கடல்வழி வந்தோரும் அங்கிருந்து சென்றோரும் பயணத்தின் முதல் அல்லது கடைசிப் பகுதியைச் சலங்கில்தான் கடந்தனர்.

பெயர்

சலங்கு என்னும் சொல் தமிழ் அகராதிகளில் படகு வகை ஒன்றின் பெயராக இடம்பெற்றுள்ளது. பிரெஞ்சுச் சொல்லான "செலேங்கு" இதிலிருந்து வந்ததாகும். இச்சொல்லுக்கும் "சலந்தி" என்னும் அரபுச் சொல்லுக்கும் தொடர்பு இருக்கலாம் எனச் சொற்பிறப்பு ஆய்வாளர் கருதியுள்ளனர். இடைக்கால நடுநிலக்கடற் பகுதியில் படைவீரர்களையும் குதிரைகளையும் ஏற்றிச் சென்ற ஒரு வகைக் கலத்துக்கும் இதையொத்த பெயர் இருந்தது. "மசூலா" என்னும் பெயரின் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. அது மசூலிப்பட்டினம் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கமாகும்.

பின்னணி

புதுச்சேரிக் கடற்கரை ஏறத்தாழ நேராக அமைந்தது. கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கேற்ற இயற்கையான குடாவோ ஆழமான ஆற்றுமுகமோ அங்கு இல்லை. கடலடித்தளம் மெல்லச் சரிந்து செல்வதால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நங்கூரமிட வேண்டியிருந்தது. அவ்விடத்துக்கும் கரைக்கும் இடையே அலைகள் வரிசை வரிசையாக எழுந்து உடையும் பகுதி உள்ளது.

இக்கரையின் கடல் வணிகம் பழமையானது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, கிரேக்க மொழி நூலான "எரித்திரேயக் கடற் பெரிப்ளசு" கூறும் "பொதுகே" என்னும் துறையாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இக்கரையில் கரையோரமாகச் செல்லும் சிறு கலங்களும், மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களும், தொலைவு செல்லும் பெரிய மரக்கலங்களும் இருந்தன என அந்நூல் குறிப்பிடுகின்றது. ஒரே துறையில் வெவ்வேறு பணிகளுக்கு வெவ்வேறு கலங்கள் என்ற ஏற்பாடு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்தது என்பது இதனால் தெரிகிறது.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியினர் 1670களில் புதுச்சேரியில் குடியேறினர். பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இக்குடியேற்றத்தின் பொறுப்பை ஏற்றார். அதன்பின் ஐரோப்பியக் கப்பல்களின் வருகை பெருகியது. ஆனால் துறையின் இயற்கை மாறவில்லை.

கப்பல் சுமந்த படகுகள்

பாய்மரக் காலத்துக் கப்பல் ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு படகுகளைச் சுமந்து வந்தது. அவற்றுள் பெரியது, நங்கூரம், குடிநீர்ப் பீப்பாய்கள் போன்ற பாரமான பொருட்களை ஏற்றப் பயன்பட்டது. சிறியவை அதிகாரிகளையும் செய்திகளையும் கொண்டு சென்றன. இவை பாய்மரங்களுக்கு இடையே மேல்தளத்தில் வைத்துக் கட்டப்பட்டிருந்தன. தேவைப்படும்போது பாய்மரக் குறுக்குக் கட்டைகளில் கப்பி பூட்டித் தூக்கிக் கடலில் இறக்கப்பட்டன. கப்பலின் பக்கத்தில் வளைகரங்களை நிறுத்தி அவற்றில் படகைத் தொங்கவிடும் முறை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவத் தொடங்கியது.

இப்படகுகள் அமைதியான துறைமுகங்களில் நன்கு பயன்பட்டன. சோழமண்டலக் கரையில் நிலைமை வேறாக இருந்தது. ஐரோப்பியப் படகில் அடிமரத்தின் மேல் வங்குகள் எனப்படும் உட்சட்டங்கள் பொருத்தப்பட்டு, அவற்றின் மீது பலகைகள் ஆணியால் அறையப்படும். இந்த உறுதியே அலை உடையும் பகுதியில் அதற்குக் கேடாக அமைந்தது. அலை படகைத் தூக்கி மணலில் மோதும்போது பலகைகள் பிளந்து ஆணிகள் கழன்றன. அல்லது படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. எனவே கப்பலின் படகுகள் உடையும் அலைகளுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. உலகின் பாதியைச் சுற்றிவந்த கப்பலும் தன் ஆட்களைத் தானே கரையிறக்க இயலாமல், கரையிலிருந்து வரும் சலங்கிற்காகக் காத்திருந்தது.

அமைப்பு

திருகோணமலை அரச கப்பற்கட்டுத் தளத்தில் தலைமைக் கப்பற்கட்டுநராக இருந்த ஜான் ஈடி, 1834இல் வெளியான தமது கட்டுரையில் சென்னைப் பகுதியின் மசூலாப் படகை விவரித்துள்ளார். அவர் தரும் அளவுகளின்படி இப்படகு 30 முதல் 35 அடி நீளமும், 10 அல்லது 11 அடி அகலமும் உடையது. இதன் பொதுவான அமைப்பு பின்வருமாறு:

* அடிப்பகுதி தட்டையானது. இரு முனைகளும் கூரானவை. பக்கங்கள் உயரமானவை.
* உட்சட்டங்கள் இல்லை. பக்கங்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகள் மட்டும் உண்டு. துடுப்பு வலிப்போர் இவற்றின் மீது அமர்வர்.
* பலகைகளின் ஓரங்களில் துளைகள் இடப்பட்டு அவை தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்படும். இணைப்பின் மேல் வைக்கோல் அல்லது நார்த் திரளை வைத்து அதையும் சேர்த்துத் தைப்பர். நீர் பட்டதும் இது ஊறிப் பருத்து இடைவெளியை அடைக்கும்.
* துடுப்பு என்பது நீண்ட கழி ஒன்றின் முனையில் கட்டப்பட்ட வட்டமான அல்லது முட்டை வடிவான பலகை ஆகும்.
* சுக்கான் கிடையாது. பின்முனையில் நிற்பவர் நீண்ட துடுப்பினால் படகின் திசையை மாற்றுவார்.

நெகிழ்வும் வலிமையும்

சலங்கின் சிறப்பு அதன் நெகிழ்வில் உள்ளது. இயங்கிவரும் பொருள் ஒன்று நிற்கும்போது அதன்மீது செயற்படும் விசை, அது எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நேரம் குறைந்தால் விசை மிகும். விறைப்பான படகு மணலில் மோதியவுடன் நின்றுவிடுவதால் முழு அதிர்ச்சியும் ஒரு சில இணைப்புகளின் மீது விழுகிறது. தைத்த படகோ மோதும்போது வளைந்து கொடுக்கிறது. இதனால் மோதலின் நேரம் நீள்கிறது. விசையும் நூற்றுக்கணக்கான தையல்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. தையல்களின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நீர் இறைப்பதற்கென்றே ஆட்கள் தேவைப்பட்டனர். கயிறும் விரைவில் நைந்துவிடும். ஆயினும் நைந்த கயிற்றை நீக்கிவிட்டு அதே பலகைகளை மீண்டும் தைத்துக்கொள்ள முடியும். இதற்கு இரும்போ கொல்லுலையோ தேவையில்லை. வேண்டிய நார் கரையோரத் தென்னந்தோப்புகளிலேயே கிடைத்தது.

இயக்கும் முறை

ஒரு சலங்கில் பொதுவாக 8 முதல் 12 பேர் வரை துடுப்பு வலித்தனர். இவர்களின் தலைவர் தண்டல் எனப்பட்டார். அவர் பின்முனையில் நின்று அலைகளின் வரிசையைக் கவனித்து, முன்னேறவும் பொறுக்கவும் கட்டளையிடுவார். பெரிய அலை ஒன்று பின்னால் எழும்போது படகு அதற்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். சற்றுத் திரும்பினாலும் கவிழ்ந்துவிடும். துடுப்பு வலிப்போர் ஒரே தாளத்தில் பாடிக்கொண்டு வலித்ததைப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். படகு தரைதட்டியதும் அடுத்த அலை அதை மேலும் உள்ளே தள்ளும். கரையில் நிற்போர் கயிற்றைப் பற்றி இழுப்பர். பயணிகள் தோளில் சுமந்து இறக்கப்படுவதும் உண்டு.

கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் கட்டுமரங்கள் துணையாகச் சென்றன. சலங்கு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவர்களை மீட்பது கட்டுமரத்தாரின் பொறுப்பாகும். கட்டுமரத்துக்குள் நீர் நிறைய வழியில்லாததால் அது மூழ்குவதில்லை. சலங்கும் செல்ல முடியாத நாட்களில் கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு சென்றதும் கட்டுமரமே.

இப்பணியில் ஈடுபட்டவர்கள் கரையோரக் குப்பங்களைச் சேர்ந்த மீனவச் சமூகத்தினர் ஆவர். பிரெஞ்சு ஆவணங்கள் இவர்களை "மக்குவா" என்னும் பொதுப்பெயரால் குறிப்பிடுகின்றன. இது முக்குவர் என்பதன் திரிபாகும். கப்பல்களின் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் சரக்கின் அளவும் பதிவேடுகளில் விரிவாகக் காணப்படுகின்றன. அச்சரக்கை அலை கடத்தியவர்களின் பெயர்கள் மிக அரிதாகவே கிடைக்கின்றன.

புதுச்சேரி வரலாற்றில்

ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில், கப்பல்களின் வருகை, அவற்றுக்கு முழங்கிய பீரங்கி மரியாதை, இறங்கிய ஆட்கள், வந்த செய்திகள் ஆகியவை தொடர்ந்து பதிவாகியுள்ளன. கப்பல் கண்ணில் பட்டபின்னும் அதிலுள்ள செய்தி நகரை அடைவதற்குப் படகு கரைசேர வேண்டியிருந்தது.

திறந்த கடலில் நிற்பதன் ஆபத்து 1761 சனவரி 1 அன்று வெளிப்பட்டது. அப்போது ஆங்கிலேயர் நிலத்திலும் கடலிலும் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தனர். அன்று வீசிய புயலில் முற்றுகைக் கப்பல்களுள் மூன்று கடலில் மூழ்கின. மேலும் மூன்று கரையில் ஒதுங்கி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும் முற்றுகை நீடித்து, அம்மாத நடுவில் நகர் சரணடைந்தது.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத் துணி வகைகள் செனகல் முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. இதே காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறினர். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிச் சென்ற "ஒரேலி" என்னும் கப்பல் 1854 திசம்பர் 24 அன்று குவாதலூப்பை அடைந்தது. பிரித்தானிய இந்தியாவிலும் ஆட்சேர்ப்பு நடத்த 1860, 1861 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வழிசெய்தன. இவ்வாறு சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. இரீயூனியன், குவாதலூப்பு, மர்தினிக்கு ஆகிய தீவுகளில் இன்று வாழும் தமிழ் வழியினர் அவர்களுடைய வழித்தோன்றல்களாவர்.

மறைவு

புதுச்சேரியில் 1866இல் இரும்புக் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதன் முனை உடையும் அலைகளுக்கு அப்பால் அமைந்ததால், படகுகள் மணலில் ஏறாமலேயே சரக்கை இறக்க முடிந்தது. கப்பல்கள் முன்போலவே தொலைவில் நின்றன. படகுப் போக்குவரத்தும் தேவைப்பட்டது. ஆனால் அலையைக் கடந்து கரையேறும் திறமைக்கு இருந்த தேவை குறைந்தது. சென்னையிலும் 1861இல் கடற்பாலமும், பின்னர் செயற்கைத் துறைமுகமும் அமைந்தபின் மசூலாப் படகுகளின் பயணிகள் போக்குவரத்து மறைந்தது.

புதுச்சேரியின் இரும்புக் கடற்பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அதன்பின் நகரின் தெற்கே புதிய கடற்பாலம் கட்டப்பட்டது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் இவற்றால் தடைப்பட்டு, நகரின் கடற்கரை அரிக்கப்பட்டது. சலங்குகள் ஏறிய மணற்கரையின் பெரும்பகுதி இதனால் கற்குவியலாக மாறியது. 2018இல் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டு, கடற்கரையின் ஒரு பகுதியில் மணலை மீண்டும் சேர்த்தது.

சரக்குப் பணி மறைந்த பின்னும் தைத்த படகுகள் கரைவலை மீன்பிடிப்பில் நெடுங்காலம் நிலைத்தன. ஆந்திரக் கரையில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இவை காணப்பட்டன. கண்ணாடியிழைப் படகுகள் பரவியதும், குறிப்பாக 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் அவை பெருமளவில் வழங்கப்பட்டதும், மரப்படகுகளின் இடத்தைப் பெரிதும் குறைத்தன. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எத்மோன் பாரி 1840களில் வெளியிட்ட நூல், சோழமண்டலக் கரைக் கலங்களின் அளவு வரைபடங்களைக் கொண்ட முக்கியமான பதிவாகும்.

ஒப்பீடு

பெரிய கலம் சிறிய கலத்தைச் சுமந்து செல்லும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. வட அமெரிக்காவின் நியூ செர்சிக் கரையில், ஆழமற்ற சதுப்பு நீரில் வாத்து வேட்டையாடுவோர் ஒருவர் மட்டும் செல்லக்கூடிய தாழ்வான சிறு படகைப் பயன்படுத்தினர். வேட்டையிடம் தொலைவில் இருந்தால் பெரிய படகின் மேல்தளத்தில் ஏற்றியோ, பின்னால் கட்டி இழுத்தோ அதைக் கொண்டு செல்வர். நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீன் பிடித்த பாய்க்கப்பல்கள், தட்டையான அடியுடைய "டோரி" படகுகளின் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கிண்ணங்களைப் போல ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி எடுத்துச் சென்றன.

சலங்கு இவ்வகையினின்றும் வேறுபட்டது. அது கப்பலுக்கு உரியதன்று; கரைக்கு உரியது. மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரிலும் இதையொத்த ஏற்பாடு இருந்தது. 1960களின் தொடக்கத்தில் தேமா துறைமுகம் திறக்கப்படும் வரை, அங்கும் உள்ளூர்ப் படகோட்டிகளே அலைகளைக் கடந்து சரக்கை இறக்கினர். தொலைகடலைக் கடக்கும் கலமும் கரையலையைக் கடக்கும் கலமும் வெவ்வேறு தேவைகளுக்காக உருவானவை என்பதற்கு இவை சான்றுகளாகும்.