மெய்நிகர் நுண்ணுலக விளையாட்டுகள்

மெய்நிகர் நுண்ணுலக விளையாட்டு என்பது வெறுங்கண்ணால் காண இயலாத செல், குருதியணு, நுண்ணுயிரி போன்றவற்றின் உலகினுள் விளையாடுபவர் நேரில் உலவுவது போன்ற உணர்வைத் தரும் கணினி விளையாட்டு ஆகும். விளையாடுபவர் தலையில் அணியும் காட்சிக்கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுகின்றது. தலை திரும்பும் திசைக்கு ஏற்பக் காட்சியும் மாறுகின்றது. இவ்விளையாட்டுகள் பெரும்பாலும் கல்வி நோக்கில் ஆக்கப்பட்டவை. இவற்றை விளையாடியோர் கூறிய கருத்துகளும், அவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

வரலாறு

மனிதர் நுண்ணிய உருவெடுத்து உடலுக்குள் பயணம் செய்யும் கற்பனை பழையது. 1966 இல் வெளிவந்த ஃபென்டாஸ்டிக் வாயேஜ் என்னும் ஆங்கிலத் திரைப்படம் இக்கருத்தைப் பரவலாக்கியது. 2014 இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் காட்சிக்கருவியும், 2016 இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த ஒக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி வைவ் ஆகியனவும் இக்கற்பனையை வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் கொண்டுவந்தன.

குறிப்பிடத்தக்க விளையாட்டுகளும் ஆக்கங்களும்

* இன்செல் (2015): நிவால் நிறுவனத்தின் ஆக்கம். மனிதச் செல்லுக்குள் விரைந்து சென்று தீநுண்மத்தை (வைரஸ்) எதிர்கொள்ளும் பந்தய விளையாட்டு.
* தி பாடி வி.ஆர் (2016): குருதி ஓட்டத்தில் பயணித்து ஒரு செல்லுக்குள் நுழையும் வழிநடத்தப்பட்ட பயணம். இதில் விளையாட்டுக் கூறுகள் குறைவு.
* செல்வர்ஸ்: அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. இதனை இருவர் இணைந்து விளையாட வேண்டும். ஒருவர் காட்சிக்கருவி அணிந்து நுரையீரல் செல்லுக்குள் தேடுவார். மற்றவர் கைக்கணினியில் செல்லின் முழுத் தோற்றத்தையும் தகவல்களையும் பார்த்து வழிகாட்டுவார். இருவரும் பேசிக்கொண்டால் மட்டுமே செல்லில் உள்ள மரபுநோயின் வகையைக் கண்டறிய முடியும்.
* செல்லின் மையத்துக்கு ஒரு பயணம் (2018): ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. இலத்திரன் நுண்ணோக்கியால் அடுக்கடுக்காக எடுக்கப்பட்ட உண்மையான செல்லின் படங்களிலிருந்து இதன் உருமாதிரி கட்டப்பட்டது.

அளவும் உருப்பெருக்கமும்

இவ்விளையாட்டுகளின் முதன்மையான கற்பித்தல் பயன் அளவு பற்றிய உணர்வு எனக் கூறப்படுகின்றது. 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்லைப் பத்து இலட்சம் மடங்கு பெருக்கினால் அது 20 மீட்டர் அகலமுள்ள மண்டபம் ஆகும். அதே அளவுகோலில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழைமணி ஒரு மீட்டர் தடிமன் கொண்டிருக்கும். 100 நானோமீட்டர் தீநுண்மம் 10 செ.மீ. அளவுள்ள பெரிய ஆரஞ்சுப் பழம் போலிருக்கும். 25 நானோமீட்டர் அளவுள்ள ரைபோசோம் 2.5 செ.மீ. ஆகி, ஒரு பெரிய திராட்சைப் பழத்தை ஒத்திருக்கும். பாடநூல் படங்களில் இவை பெரும்பாலும் உண்மையான அளவு விகிதத்தில் வரையப்படாததால் இவ்வேறுபாடு மாணவர் மனதில் எளிதில் பதிவதில்லை.

விளையாடியோர் கருத்துகளும் ஆய்வுகளும்

இவ்வகை ஆக்கங்கள் ஆர்வத்தைத் தூண்டுகின்றன என்பதில் விளையாடியோர் பெரும்பாலும் உடன்படுகின்றனர். ஆனால் ஆர்வம் கற்றலாக மாறுகின்றதா என்பது வேறு கேள்வி.

2018 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரோங், மேயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அவர்கள் ஒரு குழுவினருக்குத் தி பாடி வி.ஆர் பயணத்தையும், மற்றொரு குழுவினருக்கு அதே பாடத்தைக் கணினித் திரையில் படவில்லைகளாகவும் வழங்கினர். காட்சிக்கருவி அணிந்தோர் கூடுதல் ஆர்வமும் ஈடுபாடும் கொண்டதாகத் தெரிவித்தனர். ஆயினும், பின்னர் நடந்த தேர்வில் படவில்லைகளைப் பார்த்தவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். இரண்டாவது சோதனையில் மெய்நிகர் பயணம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மாணவர் தாம் கண்டதைச் சுருக்கி எழுதினர். இடைநிறுத்தம் இன்றிப் பார்த்தவர்களை விட இவர்கள் சிறப்பாகச் செய்தனர்.

மக்ரான்ஸ்கி குழுவினர் 52 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வும் (2019) இதனை ஒத்த முடிவைத் தந்தது. மெய்நிகர் ஆய்வகத்தைக் காட்சிக்கருவி வழி பார்த்தவர்கள் அங்கேயே இருந்தது போன்ற உணர்வைப் பெற்றனர், ஆனால் குறைவாகவே கற்றனர். மூளை மின்னலைப் பதிவுகள் அவர்களது மனச்சுமை மிகுந்திருந்ததைக் காட்டின.

இதற்கு மாறான முடிவுகளும் உண்டு. ஆஸ்திரேலிய ஆக்கத்தின் தொடக்கநிலைச் சோதனையில் செல்லின் செயற்பாடுகள் பற்றிய மாணவர் புரிதல் கணிசமாக உயர்ந்தது. செல்வர்ஸ் விளையாட்டைச் சமமான ஊடாட்டம் கொண்ட இருபரிமாண வடிவத்துடன் ஒப்பிட்ட ஆய்வில், காட்சிக்கருவி கற்றலுக்கு உதவியதாகக் காணப்பட்டது. ஆகவே கருவியை விட, விளையாடுபவர் அதனுள் என்ன செய்கின்றார் என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது எனலாம்.

குமட்டலும் தலைச்சுற்றலும்

காட்சிக்கருவிகளைப் பயன்படுத்துவோர் பரவலாகக் கூறும் குறை குமட்டல் ஆகும். கண் நகர்வைக் காண்கின்றது, ஆனால் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அந்நகர்வை உணர்வதில்லை. இம்முரண்பாடே காரணம் எனக் கருதப்படுகின்றது. வேகமாகப் பறக்கும் பந்தய விளையாட்டுகளில் இது மிகுதியாக ஏற்பட வாய்ப்புண்டு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் முறை, குறுகிய நேர அமர்வு, உட்கார்ந்து விளையாடுதல் ஆகியன இதனைக் குறைக்கும்.

அறிவியல் துல்லியம் குறித்த விமர்சனங்கள்

* நெரிசல்: உண்மையான செல் புரதங்களாலும் சவ்வுகளாலும் நெருக்கமாக நிறைந்தது. பயணம் செய்வதற்காக விளையாட்டுகளில் இவ்விடம் பெரும்பாலும் வெற்றிடமாகக் காட்டப்படுகின்றது. நெரிசலை அப்படியே காட்டினால் விளையாடுபவர் வழி தவறிவிடுவார்.
* நிறம்: கண்ணுறு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் ஆகும். அதைவிட மிகச் சிறிய தனி மூலக்கூறை, நாம் பொருட்களைக் காண்பது போல வண்ணத்தில் காண இயலாது. எனவே விளையாட்டில் காணும் வண்ணங்கள் விளக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டவை.
* இயக்கம்: நுண்ணுலகில் பாகுத்தன்மையே ஆட்சி செய்கின்றது. நீந்தும் பாக்டீரியா தன் உந்தலை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தை விடக் குறைந்த தொலைவிலேயே நின்றுவிடும் என இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977 இல் விளக்கினார். ஆகவே சறுக்கிச் செல்லும் ஊர்திகள் உண்மைக்குப் புறம்பானவை.

உயிருள்ள நுண்ணுயிர்களுடன் விளையாட்டு

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இங்மர் ரீடல்-குருசே குழுவினர் 2011 இல் உயிருள்ள பாரமீசியங்களைக் கொண்ட விளையாட்டுகளை வெளியிட்டனர். விளையாடுபவர் மின்புலத்தை மாற்றினால் பாரமீசியம் திசை திரும்பும். 2016 இல் அதே குழு யூக்ளினாவை ஒளியால் வழிநடத்தும் கைப்பேசி நுண்ணோக்கியை அறிமுகம் செய்தது. இவை மெய்நிகர் விளையாட்டுகள் அல்ல. எனினும் நுண்ணுயிரி நம் கட்டளைக்கு முழுதும் பணிவதில்லை என்பதை இவற்றில் நேரடியாகக் காணலாம். உயிரிகளை விளையாட்டுப் பொருளாக்குவது முறையா என்ற கேள்வியும் இவற்றால் எழுந்தது.

கம்பம் பள்ளத்தாக்கும் நுண்ணுலகமும்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் நுண்ணுலகம் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை, வாழ்வாதாரத்தோடும் தொடர்புடையது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயக்கவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பன்னீர் திராட்சை பயிராகின்றது. இதற்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் உள்ளன. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

திராட்சையை அழிக்கும் அடிச்சாம்பல் நோய்க்குக் காரணம் பிளாசுமோபாரா விட்டிகோலா என்னும் நுண்ணுயிரி ஆகும். இது பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சை அன்று. இலையின் மீது நீர்ப்படலம் இருக்கையில் இதன் வித்துறைகளிலிருந்து இரண்டு கசையிழைகள் கொண்ட இயங்குவித்துகள் வெளிவருகின்றன. அவை நீந்திச் சென்று, இலைத்துளைகளுக்கு அருகே தங்கி முளைத்து உள்ளே நுழைகின்றன. இலையின் மேற்புறத்தில் எண்ணெய்ப் புள்ளிகளும் அடிப்புறத்தில் வெண்படலமும் தோன்றும்போது தொற்று ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டிருக்கும். ஈரம் காயும் முன் துளையை அடைய வேண்டிய இப்பயணம், நுண்ணுலக விளையாட்டுக்கு இயல்பாகவே பொருந்தும் கதை ஆகும்.

மேற்கூறிய ஆய்வுகளின்படி, இத்தகைய பாடம் குறுகிய பகுதிகளாக அமைவதும், ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் மாணவர் தம் சொற்களில் எழுதுவதும் பயன் தரும். செல்வர்ஸ் போல இருவருக்கு ஒரு காட்சிக்கருவி என்னும் ஏற்பாடு செலவையும் குறைக்கும். மெய்நிகர் காட்சியை அடுத்து உண்மையான இலையையும் காண்பது மேற்கண்ட துல்லியக் குறைகளை ஈடு செய்யும். மனு பிரகாஷ் குழுவினர் 2014 இல் அறிமுகம் செய்த ஃபோல்ட்ஸ்கோப் என்னும் மடிப்புத்தாள் நுண்ணோக்கி ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை செய்முறை அறிவியலுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28 அன்று தொடங்கிய வானவில் மன்றம் திட்டமும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* நுண்ணோக்கி
* மெய்நிகர் உண்மை
* உயிரணு
* கம்பம் பன்னீர் திராட்சை
* தேனி மாவட்டம்