சீபாப் கருவித் தூய்மை

சீபாப் கருவித் தூய்மை என்பது தூக்க மூச்சுத்தடை நோயாளர் உறங்கும்போது அணியும், தொடர்ந்து காற்றழுத்தம் தரும் கருவியை நோய்க்கிருமிகள் அண்டாது பேணுவதாகும். இச்சிகிச்சை முறையை ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த காலின் சலிவன் குழுவினர் 1981 இல் வெளியிட்டனர்.

கிருமி வளரும் இடங்கள்

முகமூடி, காற்றுக்குழாய், ஈரப்பதமூட்டியின் நீர்த்தொட்டி ஆகியவற்றில் ஈரம் தங்குவதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரக்கூடும். தேங்கிய குழாய்நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகலாம். எனவே காய்ச்சி வடித்த நீரே பரிந்துரைக்கப்படுகிறது. அதையும் நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

நோயுற்ற காலத்தில்

சளி, காய்ச்சல் உள்ளபோது இவை மூன்றும் நாள்தோறும் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவப்பட்டு, நன்கு அலசப்பட்டு, நிழலில் உலர்த்தப்படுகின்றன. குணமானதும் ஒருமுறைப் பயன்பாட்டு வடிகட்டி மாற்றப்படுகிறது. வெளுப்புத்தூளும் ஆல்ககாலும் கருவியின் உறுப்புகளைச் சிதைக்கக்கூடியவை. கிருமிக்கு அஞ்சிக் கருவியை நிறுத்தினால் மூச்சுத்தடை மீண்டும் ஏற்படும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் நிறுத்துதல் கூடாது. நோயாளர் வெளிவிடும் மூச்சு முகமூடித் துளைகள் வழியே அறையில் பரவுவதால், கோவிட்-19 போன்ற தொற்றுகளின்போது தனியறையில் உறங்குவது நன்று.

ஓசோன் தூய்மிப்பான்கள்

ஓசோன் அல்லது புறஊதா ஒளியால் இக்கருவியைத் தூய்மை செய்யும் சாதனங்கள் எதற்கும் அதுவரை அனுமதி அளிக்கப்படவில்லை என 2020 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. கருவியில் எஞ்சும் ஓசோன் ஆஸ்துமாவைத் தீவிரமாக்கலாம் என்றும் அது எச்சரித்தது.