நிலமில்லாத தப்பு: கண்டித் தோட்டங்களில் காமன் கூத்து

கண்டியின் இசை, ஆடல் வரலாறு எழுதப்படும்போது தலதா மாளிகையும் எசல பெரகரா ஊர்வலமும் வெஸ் தலையணி சூடிய ஆட்டக்காரரும் முன்னிற்பது இயல்பே. ஆயினும் அந்நகரைச் சூழ்ந்த ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, புசல்லாவை மலைச்சரிவுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்துவரும் தப்பு என்னும் பறையும், அதன் அடிக்கு ஆடப்படும் மன்மதன் கதையான காமன் கூத்தும் அவ்வரலாற்றில் சம உரிமையுள்ள பகுதிகளாகும்.

கண்டி இராச்சியத்தில் ஆடலும் முழவும் நிலத்தோடு பிணைந்திருந்தன. அரண்மனைக்கும் விகாரைக்கும் தேவாலயங்களுக்கும் ஊழியம் செய்த குடிகள், அதற்கு ஈடாக வயற்பங்கைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தனர். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி, இராஜகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் 1832இல் நீக்கப்பட்ட பின்னரும், கோயில் நிலங்களுக்குரிய ஊழியம் தொடர்ந்தமையால், அக்கலைகளைப் பேணிய குடும்பங்களுக்கு ஊன்றிநிற்க ஓரளவேனும் மண் எஞ்சியது. அதே மலைகளின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் எனப்பட்ட ஆள்சேர்ப்போரால் அழைத்துவரப்பட்டு, மன்னார்க் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மாத்தளை வழியே வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய ஊன்றுகோல் எதுவுமில்லை. அவர்கள் குடியிருந்த, லயன் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பின் அறைகூடத் தோட்டத்துக்கே உரியது.

கோப்பிக் காலத்தில் பெரும்பாலோர் அறுவடைப் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் தோட்டத் துரையான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வெளிப்பட்டு அப்பயிரை வீழ்த்தத் தொடங்கியதும் இந்நிலையை மாற்றின. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை, குடும்பங்களை மலையிலேயே நிலைக்கச் செய்தது. மாசி மாதத்தில் பல நாள் தொடரும் ஒரு சடங்குக் கூத்துக்கு நிலையான குடியிருப்பு வேண்டும் என்பதால், காமன் கூத்து இங்கு வேரூன்றியது தேயிலைக் காலத்தில்தான் எனக் கொள்வதே பொருத்தம்.

வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சி விறைப்பேற்றி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் ஒருமுகப் பறையே தப்பு. தோட்டத்தில் அதற்கு இருவகைப் பணி இருந்தது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பி, ஆள் கணக்கெடுத்து வேலை பகிரப்படும் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் அதுவே; சாவுக்கும் திருவிழாவுக்கும் கூத்துக்கும் முழங்கியதும் அதுவே. துரையின் கட்டளையைச் சுமந்த கருவியை இரவில் தம் தெய்வத்துக்கும் கதைக்கும் உரியதாக்கிக்கொண்டதில்தான் இம்மக்களின் பண்பாட்டு வலிமை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படுவதுடன் கூத்து தொடங்கும். கம்பம் நடப்படும் திறந்தவெளி பொட்டல் எனப்படும். அது முதல் அவ்விடம் புனிதமாகிறது, ஆடுவோர் நோன்பு காக்கின்றனர். இரதி, மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புதல், போக வேண்டாமென இரதி தடுத்து வாதிடுதல், சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரிதல், இரதியின் புலம்பல், அவன் மீண்டும் எழுதல் எனக் கதை நகரும். இரதியாகவும் ஆண்களே வேடமிடுவர். முழுநிலவையொட்டிய இரவு விடியும்வரை தூதன், வீரபத்திரன், எமன் முதலிய வேடங்கள் அடுத்தடுத்துக் களமிறங்கும். ஒவ்வொரு வேடத்தின் வருகைக்கும் தப்பின் அடி மாறும். கடல் கடந்து கணவரை இழந்த பெண்கள் நிறைந்த சமூகத்தில் இரதியின் புலம்பல் வெறும் புராணமாகக் கேட்கப்பட்டிருக்க முடியாது.

இக்கூத்தைக் குலைத்தது கலையார்வக் குறைவன்று, அரசியலே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஒரே லயனில் மன்மதனாக ஆடுபவரின் குடும்பம் கப்பலேற, இரதியாக ஆடுபவரின் குடும்பம் எஞ்சும் நிலை உருவாகுமாயின், பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிப் பழகிய குழு எவ்வாறு நிலைக்கும்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும், அதையொட்டிக் கண்டி மாவட்டத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டமையும் எஞ்சிய குழுக்களையும் சிதறடித்தன.

அதே காலத்தில் தமிழ்க் கூத்து புத்துயிர் பெற்றதும் கண்டியை அடுத்த பேராதனையில்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாகப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தது மட்டக்களப்பின் கூத்து மரபை; அது பெரும்பணி. ஆனால் வளாகத்துக்கு அப்பாலிருந்த மலைகளின் கூத்துக்கு அத்தகைய மேடை அப்போது வாய்க்கவில்லை. தோட்டப் பாடல்களைத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை போன்றோரின் முயற்சியே இம்மலையகத் தமிழரின் வாய்மொழிக் கலைகளுக்கு எழுத்துச் சான்றளித்தது. இன்று பாடசாலைகளில் கண்டிய நடனமும் பரதமும் தேர்வுக்குரிய பாடங்களாக உள்ளன; காமன் கூத்தோ தோட்டத்துக் கூத்து வாத்தியாரின் நினைவையும் அவர் கையெழுத்துக் கொப்பியையும் நம்பியே அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது.