யாழ்ப்பாணத்துத் தோட்டங்களும் அந்நிய யாத்திரிகரும்

பிறநாடு செல்வோர் அங்குள்ள பூங்காக்களைத் தேடிக் காண்பது நெடுநாளைய வழக்கம். இலங்கைக்கு வரும் யாத்திரிகர், 1821 இல் அமைக்கப்பெற்ற பேராதனைப் பூந்தோட்டத்தைக் காணாது மீள்வது அரிது. ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு ஒன்றேனும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய காட்சித் தோட்டம் அமையவில்லை. எனினும் இங்கு வந்த அந்நியர் தாம் கண்ட தோட்டங்களைப் பற்றி வியந்தே எழுதியுள்ளனர். அவர்கள் கண்டவை யாவை என்பது ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணத்தார் வழக்கில் தோட்டம் என்பது பூங்கா அன்று. மலையகத்தார் கூறும் தேயிலைத் தோட்டமும் அன்று. கிணற்றுநீர் இறைத்துப் புகையிலை, வெங்காயம், மிளகாய், வாழை முதலியன செய்யும் மேட்டுநிலமே அது. மன்னர் காலத்து இன்பச்சோலையின் நினைவு, நல்லூரில் சங்கிலித்தோப்பு என்னும் இடப்பெயரில் மாத்திரம் எஞ்சியுள்ளது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது உடன்வந்த பல்டேயஸ் பாதிரியார், 1672 இல் வெளியிட்ட தமது நூலில் குடாநாட்டுத் தேவாலயங்களைப் படங்களுடன் விவரித்தார். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய கோயிற்பற்றுக்கள் அவற்றுட் சில. தேவாலயங்களை அடுத்திருந்த பழமரத் தோட்டங்களும் முந்திரிகைக் கொடிகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வெயிலும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்த இம்மண்ணில் முந்திரிகை காய்ப்பது, குளிர்நாட்டிலிருந்து வந்தவருக்குப் புதுமையாகவே இருந்திருக்கும்.

1845 இல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பதவியேற்ற எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளிவந்த தமது நூலில், சோம்பியிருப்போரைக் காணவியலாத இடம் இலங்கையில் ஏறத்தாழ யாழ்ப்பாணம் ஒன்றே என்ற கருத்துப்பட எழுதினார். அவர் வியந்த உழைப்பு துலாவிலே தொடங்குவது. விடியுமுன்பே ஒருவரோ இருவரோ நீண்ட துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைக் கிணற்றில் தாழ்த்தி, நிரம்பி மேல்வந்ததும் வாய்க்காலிற் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திதோறும் நீரைத் திருப்பிவிடுவார். நிலத்திற்கு எருவாகப் பூவரசங்குழை தாழ்க்கப்பட்டது, ஆடுமாடுகள் பட்டியடைக்கப்பட்டன. ஒழுங்கை வழியே சென்ற யாத்திரிகருக்கு இருமருங்கும் கிடுகு வேலியும் கிளுவை வேலியுமே தெரிந்திருக்கும். உள்ளே புகுந்து பார்த்தவருக்கே தோட்டம் தெரிந்தது.

உள்ளே புகுந்தவரும் யாவற்றையும் கண்டாரல்லர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இலாகும். அதாவது ரெனன்ற் பதவியேற்பதற்கு முந்திய ஆண்டில். அதுவரை கோவியர், நளவர், பள்ளர் ஆகியோருட் பலர் அடிமைகளாக இருந்து பிறர் நிலத்தில் உழைத்தனர். சட்டம் மாறிய மறுநாளே துலாவில் நின்றவரும் நிலத்துக்கு உடையவரும் இடம் மாறிக்கொண்டனர் எனக் கருதுதற்கில்லை. யாத்திரிகரின் வியப்பு நியாயமானதே. ஆனால் எவருடைய உழைப்பு, எவருக்குரிய விளைவு என்ற வினா அவ்வியப்பில் இடம்பெறவில்லை.

ஆங்கிலேயர் தாமும் ஒரு பூங்கா அமைத்தனர். 1829 முதல் 1867 வரை வடக்கில் அரசாங்க அதிபராயிருந்து, ‘வடக்கின் ராசா’ எனப் பெயர்பெற்ற டைக் துரை, சுண்டிக்குளியில் தம் இல்லத்தைச் சூழ மரங்கள் நாட்டி, தமக்குப் பின்வரும் அதிபர்களுக்கென அதனை விட்டுச்சென்றார். பழைய பூங்கா என்று இன்றும் வழங்குவது அதுவே. நிழலுக்காக மரம் வளர்க்க ஆட்சியாளருக்கு இயன்றது. ஏனையோர் உணவுக்காகவும் விற்பனைக்காகவும் பயிர் வளர்த்தனர்.

துலாவின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. 1970 இன் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபெற்றன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அவ்வாய்ப்புக் குன்றியது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். பல்டேயஸ் எழுதிய தெல்லிப்பழையைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களிற் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் கண்டது பற்றைக்காடு. வேலிகள் அழிந்து எல்லைகள் மறைந்திருந்தமையால், கிணறு இருந்த இடத்தை வைத்தே தத்தம் தோட்டத்தை அடையாளங்காண வேண்டியவராயினர் பலர்.