ஆங்கிலச் சட்டத்தில் நிறும ஆட்கொலை: 1927 முதல் 2007 வரை

ஒருவரின் உடலுக்கும் உயிருக்கும் எதிரான குற்றங்கள் குறித்த 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆட்கொலைக்குச் சிறைத்தண்டனையோடு அபராதத்தையும் வகுத்தது. கொல்லும் கருத்தின்றிச் சட்டத்திற்குப் புறம்பாக உயிரைப் போக்குவதே இங்கு ஆட்கொலை எனப்படுகிறது. சிறையிலடைக்க உடலற்ற நிறுமத்தையும் அவ்வபராதத்தின்வழித் தண்டித்திருக்க இயலும். ஆயினும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் அதற்கு இசையவில்லை.

1926ஆம் ஆண்டு நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தின்போது வேல்சிலிருந்த சுரங்க நிறுமம் ஒன்று தன் உடைமையைக் காக்க மின்வேலி அமைத்தது. அதில் பட்டு ஒருவர் இறந்தார். கோரி சகோதரர்கள் வழக்கில் (1927) நீதிபதி ஃபின்லே, ஆட்கொலைக்காக நிறுமத்தின்மீது குற்றச்சாட்டு நிற்காது எனத் தீர்ப்பளித்தார். 1944ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் உயர் அலுவலரின் மனத்தை நிறுமத்தின் மனமாகக் கொள்ளத் தொடங்கின. அந்த உயர் அலுவலர் யார் என்பதை வரையறுத்தது டெஸ்கோ வழக்கு (1971). கிளை மேலாளர் நிறுமத்தின் மனம் ஆகார் என்றது பிரபுக்கள் அவை. சலவைத்தூளின் விலை பற்றிய அவ்வழக்கின் அளவுகோலே பிற்காலத்தில் மனித இறப்புகளுக்கும் பொருத்தப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

1987 மார்ச் 6 அன்று சீபுரூகா துறைமுகத்தினின்று புறப்பட்ட ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்னும் கப்பல், முன்கதவு மூடப்படாமலே சென்று கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவை மூட வேண்டிய பணியாளர் தம் அறையில் உறங்கிக் கொண்டிருந்தார். எனினும் நீதிபதி ஷீனின் விசாரணை அவரோடு நிற்கவில்லை. கதவின் நிலையை மாலுமி மேடையில் காட்டும் விளக்கு வேண்டுமெனக் கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தனர். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மேலிருந்து கீழ்வரை அசட்டை பரவியிருந்ததாக அறிக்கை கண்டது. 1990இல் நீதிபதி டர்னர், நிறுமத்தின்மீது ஆட்கொலை வழக்குத் தொடரலாம் என்று ஏற்றார். கோரி தடை நீங்கியது. ஆனால் பலரின் சிறு தவறுகளைத் திரட்டி ஒரு பெருங்குற்றமாக்க அவர் இசையவில்லை. குற்றமுள்ள உயர் அலுவலர் ஒருவரேனும் தனித்துச் சுட்டப்பட வேண்டும். அவ்வாறு சுட்ட இயலாமையால் நிறுமம் விடுதலையாயிற்று. பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடப்பதே தவறாக இருந்த இடத்தில், அச்சிதறலே தற்காப்பாகவும் அமைந்தது.

லைம் விரிகுடாவில் 1993இல் படகோட்டப் பயிற்சியின்போது மாணவர் நால்வர் இறந்த வழக்கில் மறுமுனை வெளிப்பட்டது. நிர்வாக இயக்குநர் ஒருவரின் கைக்குள் அடங்கிய சிறுநிறுமம் அது. 1994இல் அவரோடு நிறுமமும் தண்டிக்கப்பட்டது. ஆங்கிலச் சட்டத்தில் நிறுமம் ஆட்கொலைக்குத் தண்டனை பெற்றது அதுவே முதன்முறை. எழுவர் மாண்ட சவுத்தால் ரயில் விபத்தில் (1997) ஆட்கொலைக் குற்றச்சாட்டு மீண்டும் வீழ்ந்தது. பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி 15 லட்சம் பவுண்டு அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. குற்றத்தின் அளவைவிட நிறுமத்தின் அளவே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

சட்ட ஆணையம் 1996இலேயே மாற்றம் பரிந்துரைத்தும் நாடாளுமன்றம் 2007இல்தான் நிறும ஆட்கொலைச் சட்டத்தை இயற்றியது. 2008 ஏப்ரல் 6இல் அது நடைமுறைக்கு வந்தது. தனியொருவரின் மனத்தைத் தேடுவதை அது கைவிட்டது. உயர் நிர்வாகம் பணிகளை ஒழுங்கமைத்த முறை, இறப்புக்குக் காரணமான கடும் கடமை மீறலில் கணிசமான கூறாக இருந்ததா என்பதே புதிய வினா. அதேவேளை 18ஆம் பிரிவு, இக்குற்றத்திற்கு உடந்தை எனத் தனியர் எவரையும் தண்டிக்க இயலாதவாறு செய்தது.

பெருநிறுமங்களை எட்டுவதற்கென எழுதப்பட்ட இச்சட்டத்தின்கீழ் 2011இல் முதற்தண்டனை பெற்றது, சில ஊழியர்களே கொண்ட ஒரு மண்ணாய்வு நிறுமம். சரிந்த குழியில் இளம் நிலவியலாளர் ஒருவர் இறந்ததற்காக 3,85,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதன் ஆண்டு வரவைவிடப் பெரிதான அத்தொகையைப் பத்தாண்டுகளில் செலுத்த நீதிமன்றம் இசைவளித்தது.