அல்கடோன்ஸ் மணற்குன்றுகள்: பலகைச் சாலை முதல் கூடார விடுமுறை வரை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய தென்கிழக்கு மூலையில் அல்கடோன்ஸ் மணற்குன்றுகள் அமைந்துள்ளன. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 45 மைல் (72 கி.மீ.) நீண்டு கிடக்கும் இந்த மணல் பட்டையின் அகலம் சுமார் 6 மைல். சில குன்றுகள் 300 அடி வரை உயர்கின்றன. இதன் பெரும்பகுதி இன்று 'இம்பீரியல் மணற்குன்றுகள் பொழுதுபோக்குப் பகுதி' என்ற பெயரில், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தால் நிர்வகிக்கப்படுகிறது. நவம்பர் மாத நன்றி நவிலல் நாள் விடுமுறையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே முகாமிடுவதுண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மணலைக் கடந்து போனால் போதும் என்றுதான் மக்கள் நினைத்தார்கள்.

மணல் வந்த வழி

கொலராடோ ஆறு கொண்டுவந்த வண்டலே இந்த மணலுக்கு மூலம். அந்த ஆறு அவ்வப்போது திசைமாறி மேற்கிலுள்ள பள்ளத்தை நிரப்பியபோதெல்லாம் காகுயில்லா என்ற பெரிய ஏரி உருவானது. ஆறு பழைய வழிக்குத் திரும்பியதும் ஏரி வற்றியது. வற்றிய கரைகளின் மணலைக் காற்று தென்கிழக்காக அள்ளிச் சென்று குவித்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம்.

காற்று வரும் பக்கத்தில் குன்று மெல்லச் சரிந்தும், மறுபக்கத்தில் செங்குத்தாகவும் இருக்கும். உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். ஏறிச் செல்பவருக்கு உச்சியை அடையும் வரை மறுபக்கம் தெரியாது. இங்கே நடக்கும் விபத்துகள் பலவற்றுக்கு இதுவே காரணம். வண்டிகளில் உயரமான கம்பி நட்டு அதன் நுனியில் கொடி கட்டவேண்டும் என்ற விதியும் இதனால் வந்ததே.

பலகைச் சாலை

குவெச்சான் முதலிய பூர்வகுடிகள் இப்பகுதியை நன்கு அறிந்தவர்கள். ஸ்பானியத் தளபதி ஹுவான் பவுட்டிஸ்டா டி ஆன்சா 1774-இல் கலிபோர்னியாவுக்குத் தரைவழி தேடி வந்தபோது, இந்த மணலில் விலங்குகள் சோர்ந்துபோக, பின்வாங்கித் தெற்கே சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. 1877-இல் யூமா நகரை எட்டிய ரயில் பாதையும் குன்றுகளுக்குள் நுழையாமல் கிழக்கு ஓரமாகவே சென்றது.

மோட்டார் வண்டி வந்தபின் நிலை மாறியது. சான் டியாகோ நகர வணிகர்களுக்கு ஒரு கவலை இருந்தது. கிழக்கிலிருந்து வரும் சாலை லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டால் தங்கள் துறைமுக நகரம் ஒதுங்கிவிடும். நேர்வழியில் மணற்குன்றுகள் குறுக்கே கிடந்தன. எட் ஃபிளெட்சர் என்ற தொழிலதிபர் 1912-இல் இவ்வழியே காரோட்டிக் காட்ட முனைந்தார். மணலில் ஆறு குதிரைகள் அவருடைய காரை இழுத்துச் சென்றன. பிறகு அவரே பணம் திரட்டி, சுமார் 13,000 மரப்பலகைகளை வரவழைத்தார். 1915 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு சக்கர வரிசைக்கும் 25 அங்குல அகலத்தில் ஒரு பலகைத் தடம் என, தண்டவாளம் போல இரண்டு தடங்கள் ஆறரை மைல் தூரத்துக்குப் போடப்பட்டன.

ஓராண்டிலேயே அது தேய்ந்து சிதைந்தது. 1916-இல் மாநில நெடுஞ்சாலைத் துறை, 8 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஆயத்தப் பலகைத் துண்டுகளைச் செய்து, ஒன்றோடொன்று இணைத்து இரண்டாவது சாலையை அமைத்தது. மணல் மூடினால் துண்டுகளைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம். மணலின் போக்கை எதிர்க்காமல் அதனோடு சேர்ந்து நகர்ந்த சாலை இது; அக்காலப் பொறியியலில் இதை ஒரு நல்ல யோசனை என்றே கொள்ளவேண்டும். ஆயினும் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம். 1,000 அடிக்கு ஒரு ஒதுங்குமிடம் இருந்தாலும், எதிரெதிரே வந்த இருவரில் யார் பின்னால் போவது என்ற தகராறு ஓயவில்லை. 1926-இல் மணலை மேடாக்கி அதன்மேல் தார்ச்சாலை போடப்பட்டதும் பலகைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பலவற்றை மக்கள் விறகாக எரித்தார்கள். மிஞ்சியவற்றைச் சேர்த்துப் பாதுகாத்த சுமார் 1,500 அடி நீளத் துண்டு இன்று வரலாற்றுச் சின்னமாக உள்ளது.

வண்டிகளின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளோடு மணலில் ஓட்டுவது பொழுதுபோக்காயிற்று. 1964-இல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வாகன் காரின் அடிப்பாகத்தில் கண்ணாடியிழை உடல் பொருத்தி வடிவமைத்த 'மேயர்ஸ் மேங்ஸ்' வண்டி, மணல் வண்டிகளுக்குப் பெரும் மோகத்தை ஏற்படுத்தியது. 1970-களில் மூன்று சக்கர வண்டிகளும் பின்னர் நான்கு சக்கர வண்டிகளும் வந்தன. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்ததால், அவற்றின் விற்பனை அமெரிக்காவில் 1988-இல் நிறுத்தப்பட்டது.

கோடையில் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆகவே முகாம் பருவம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். கிளாமிஸ், கெக்கோ சாலை, பட்டர்கப் ஆகியவை பெயர்பெற்ற தங்குமிடங்கள். இங்கே முகாம் என்றால் துணிக்கூடாரம் குறைவு; வீட்டு வசதியுள்ள பெரிய வாகனங்களை வட்டமாக நிறுத்தி, நடுவே நெருப்பு மூட்டி உறவினரும் நண்பர்களுமாகத் தங்குகிறார்கள். பெரும்பாலான இடங்களில் குழாய் நீரோ மின்சாரமோ கிடையாது. குடிநீரைக் கொண்டுவர வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் முகாமிடும் குடும்பங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்போர் இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவது எளிது. அந்தக் குடும்பங்களுக்கு அது ஆண்டுதோறும் கூடும் திருவிழா. 1982-இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தின் பாலைவனக் காட்சிகள் பட்டர்கப் பகுதியில் எடுக்கப்பட்டதையும் அவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

ஒரு செடியின் வழக்கு

1970-களின் தொடக்கத்தில், 78-ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கேயுள்ள குன்றுகளின் பெரும்பகுதியில் வண்டிகள் தடைசெய்யப்பட்டன. 1994-ஆம் ஆண்டின் கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம், சுமார் 26,000 ஏக்கர் கொண்ட அப்பகுதியை வனாந்தரப் பகுதியாக அறிவித்தது. தெற்கு வண்டிகளுக்கு, வடக்கு உயிரினங்களுக்கு என்று தகராறு தீர்ந்ததாகப் பலரும் எண்ணினர்.

தீரவில்லை. பியர்சன் மில்க்வெட்ச் என்ற செடி தெற்கிலும் வளர்ந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஊதாப் பூ பூக்கும் இச்செடி அமெரிக்காவில் இந்த மணலில் மட்டுமே உள்ளது. உப்பிய காய்கள் காற்றில் உருண்டு விதையைப் பரப்பும். 1998-இல் மத்திய அரசு இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது. 2000-ஆம் ஆண்டில் சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஏறத்தாழ 49,000 ஏக்கர் மணல் வண்டிகளுக்கு மூடப்பட்டது.

வண்டியோட்டிகள் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய சங்கம் சொந்தச் செலவில் தாவரவியலாளரைக் கொண்டு செடிகளை எண்ணச் செய்தது. பல்லாயிரம் செடிகள் இருந்தன. பட்டியலிலிருந்து நீக்கும்படி மனுக் கொடுத்தனர். 2004-இல் அரசு மறுத்தது. இந்த இடத்தில் இரு தரப்பும் உண்மையையே சொன்னார்கள் என்பதுதான் சிக்கல். நல்ல மழை பெய்த ஆண்டில் மணலெங்கும் செடி முளைக்கும். மழை பொய்த்தால் மிகச் சிலவே தென்படும். மற்றவை விதையாக மணலுக்கடியில் காத்திருக்கும். எந்த ஆண்டின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது? ஓர் ஆண்டின் கணக்கைக் கொண்டு செடி பெருகிவிட்டது என்று வாதிட்டது வலுவான வாதமாகத் தெரியவில்லை. அதேபோல, உடனடித் தேவைக்கென்று மூடிய நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் மூடியே வைத்திருந்ததும் மக்களின் நம்பிக்கையைக் குறைத்தது.

2013-இல் வந்த புதிய நிர்வாகத் திட்டம், மூடிய பரப்பில் பெரும்பகுதியைத் திறந்துவிட்டு, செடியின் முக்கிய வாழிடமாக வரையறுக்கப்பட்ட நிலத்தை மட்டும் மூடியே வைத்தது. வடக்கு வனாந்தரப் பகுதியில் நடந்தோ குதிரையிலோ எவரும் செல்லலாம்; கூடாரம் அடித்து இரவு தங்கவும் தடையில்லை. ஆனாலும் அங்கு செல்வோர் மிகக் குறைவு. கால்விரல்களில் செதில் விளிம்பு கொண்டு மணலுக்குள் நீந்திச் செல்லும் பல்லி அங்கே நடமாடுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஆஸ்போர்ன் காட்சிமேட்டில் குளிர்கால விடுமுறை இரவில் நின்றால், தெற்கே வண்டி விளக்குகள் குன்றேறி இறங்குவதையும், வடக்கே இருட்டையும் காணலாம்.